ஊசித்துளைப் பெட்டிக்குள்ளேயே படம் கழுவும்போது வரும் கோளாறுகள்: எதைப் பார்த்தால் எங்கே தேடுவது

முதலில் எந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பிளைவுட் பெட்டி. முன்பக்கம் ஊசித்துளை, அதற்கு நேராக உள்ளே தாளை நிறுத்தும் பலகை. அடியில் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டு வரும் மருந்து), வினிகர் தண்ணீர் (டெவலப்பரின் வேலையை நிறுத்த), ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைக்கும் மருந்து) என்று மூன்று சின்ன டிரே. பக்கத்தில் கை விட்டு வேலை செய்யக் கறுப்புத் துணி ஸ்லீவ், மேலே எட்டிப் பார்க்கச் சிவப்பு ஜன்னல். படம் எடுத்த பெட்டிக்குள்ளேயே அதைக் கழுவி, சில நிமிஷத்தில் ஈரத்தோடு வெளியே எடுத்துவிடலாம். தாளில் வருவது நெகட்டிவ்: வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெள்ளை. ஆப்கானிஸ்தான் தெருக்களில் ‘கம்ரா-எ-ஃபவுரி’ என்று சொன்னார்களே, நம் நாட்டில் மினிட் கேமரா என்று சொன்னார்களே, எல்லாம் இதே ஏற்பாடுதான். அவற்றில் லென்ஸ் இருந்தது, இதில் துளை.

என் கணக்கெல்லாம் இந்த அளவுக்கு: துளையிலிருந்து தாள் 100 மி.மீ., துளை 0.45 மி.மீ., அதாவது எஃப் 222 (தூரத்தைத் துளையால் வகுத்த கணக்கு). தாள் 8×10 அங்குல ஆர்.சி. மல்டிகிரேட் ஷீட்டை (பிளாஸ்டிக் பூச்சுள்ள ஃபோட்டோ தாள்) நாலாக வெட்டியது. அதன் வேகத்தை, அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறனை, ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டால் நல்ல வெயிலில் 30 விநாடியிலிருந்து 1 நிமிஷம், மேகமூட்டத்தில் 2 முதல் 4 நிமிஷம், மர நிழலில் அதைவிட அதிகம். உங்கள் பெட்டி வேறு அளவு என்றால் நேரம் மாறும், கோளாறுகள் மாறாது.

படம் கெட்டதும் எல்லாரும் கை வைப்பது எக்ஸ்போஷர் நேரத்தில், அதாவது துளையைத் திறந்து வைக்கும் நேரத்தில்தான். பெரும்பாலும் தப்பு அங்கே இருக்காது. கேமராவும் டார்க் ரூமும் ஒரே பெட்டி என்பதால் கோளாறு வெளிச்சத்தாலா, மருந்தாலா என்று தெரியாமலே நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு பாக்கெட் தாளைக் காலி பண்ணிவிடுகிறார்கள். தாள் விற்கிற விலைக்கு இது எனக்குத் தாங்காது. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: இரண்டு துண்டு, ஒரு விளிம்பு

ஒரு தாளை விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, பழைய தாள் வந்த கறுப்புக் கவரில் எப்போதும் போட்டு வையுங்கள்.

துண்டு அ: வெளியே எடுத்து இரண்டு மூன்று விநாடி பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டு டெவலப்பரில் போடுங்கள். முழுக் கறுப்பாக வேண்டும். நம் ஊர் சூட்டில் அரை நிமிஷத்துக்குள்ளேயே கறுத்துவிடும்.

துண்டு ஆ: வெளிச்சமே படாத துண்டு. பெட்டியை மூடி, துளையையும் மூடி, ஸ்லீவ் வழியாகவே எடுத்து டெவலப்பரில் ஒரு நிமிஷம், அப்புறம் ஃபிக்ஸர். வெள்ளைவெளேர் என்று வர வேண்டும்.

அ கறுக்கவில்லை என்றால் மருந்துக் கோளாறு. ஆ சாம்பலாகிவிட்டால் பெட்டியில் எங்கோ வெளிச்சம் கசிகிறது, அல்லது தாளே கெட்டது. இரண்டும் சரியாக வந்தால் மட்டும் துளை, நேரம், தாள் வைத்த விதம் பக்கம் போங்கள்.

அப்புறம் விளிம்பு. தாளை நிறுத்தும் பலகையில், சுற்றிலும் 5 மி.மீ. மறைக்கிற மாதிரி கறுப்பு அட்டைச் சட்டம் ஒன்று ஒட்டிவிடுங்கள். துளை வழியாக வரும் வெளிச்சம் அந்த விளிம்பில் படாது, கசிவு வெளிச்சமும் மருந்தும் அதைத் தொடும். இந்தக் கட்டுரை முழுக்க ‘விளிம்பைப் பாருங்கள்’ என்று நான் சொல்வது இதைத்தான். இன்னொன்று: தாளைப் பெட்டியில் வைக்கும் முன் அதன் பின்பக்கம், பெட்டியின் மேல்பக்கம் வரும் ஓரத்தில், பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

## தாள் வெள்ளையாகவே இருக்கிறது, ஒன்றும் வரவில்லை

### துண்டு அ-வும் வெள்ளைதான் என்றால்

டிரே இடம் மாறியிருக்கும். ஃபிக்ஸருக்குள் முதலில் போன தாளில் அப்புறம் எதில் போட்டாலும் படம் வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது டிரேக்கள் நகர்வது சகஜம். டிரே மேல் சிவப்பு மார்க்கரில் ‘டெவ்’ என்று எழுதி வைப்பவர்கள் உண்டு, சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து கண்ணுக்கே தெரியாது. டெவலப்பர் டிரேயில் ஒரு ரப்பர் பேண்ட், வினிகரில் இரண்டு, ஃபிக்ஸரில் மூன்று என்று மாட்டிவிடுங்கள். கையால் தடவினாலே தெரிந்துவிடும்.

டிரே சரியாக இருக்கிறதா, டெவலப்பரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். கடும் டீ நிறத்துக்கு வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். கலந்து திறந்த டிரேயில் விட்ட டெவலப்பர் மறுநாளுக்கு ஆகாது. கோடையில் சாயங்காலத்துக்கே தள்ளாடும். புதிதாகக் கலந்தும் துண்டு அ கறுக்கவில்லை என்றால் டெவலப்பர் பவுடரோ திரவமோ வாங்கும்போதே செத்தது. இதற்கு மேல் நீங்களாக மல்லுக்கட்ட வேண்டாம். பழைய கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ நடத்தியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு டம்ளர் எடுத்துப் போய்க் காட்டுங்கள், இல்லை வேறு கடையில் வேறு பாக்கெட் வாங்குங்கள்.

### துண்டு அ கறுத்தது, படம் மட்டும் வரவில்லை என்றால்

தாளுக்கு வெளிச்சம் போய்ச் சேரவில்லை. வரிசையாகப் பாருங்கள்.

தாள் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதா? சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரியும். கிளாஸி தாள் என்றால் ஜன்னலுக்கு நேராகச் சாய்த்தால் மினுங்குவது படப் பக்கம். மேட் தாள் என்றால் வெட்டித் தள்ளும் ஓரத்துண்டு ஒன்றை ஈர விரல்களுக்கு நடுவே பிடியுங்கள், லேசாக ஒட்டுவது படப் பக்கம். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், கையெல்லாம் மருந்து.

துளை அடைத்திருக்கிறதா? பெட்டிக்குள் திரவத்தை வைத்துக்கொண்டு நடமாடுவதால் இந்தக் கோளாறு இதற்கே உரியது. ஃபிக்ஸர் ஒரு சொட்டு தெறித்துத் துளைத் தகட்டில் காய்ந்தால் அதிலுள்ள ஹைப்போ என்ற ரசாயனம் உப்பாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். அரை மி.மீ. கூட இல்லாத துளைக்கு அந்த ஒரு சொட்டே போதும். தாளை எல்லாம் எடுத்துவிட்டுப் பின்பலகையைக் கழற்றி, துளையை வெளுத்த வானத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், சூரியனுக்கு நேராகப் பார்க்காதீர்கள். வட்டமாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஊசி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

இவை எல்லாம் சரி என்ற பிறகுதான் நேரம். கூட்டுவது என்றால் இரண்டு மடங்காகக் கூட்டுங்கள்: 30 விநாடி, 1 நிமிஷம், 2 நிமிஷம். 30-ஐ 35 ஆக்கினால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

## தாள் முழுக்கக் கறுத்துவிட்டது

### விளிம்பு வெள்ளை, நடுவில் கறுப்பு

நல்ல செய்தி. பெட்டியும் தாளும் மருந்தும் சரி, வெளிச்சம்தான் கூடிவிட்டது. நேரத்தைப் பாதியாக்குங்கள், மறுபடி பாதி. நல்ல வெயிலில் 8 விநாடிக்கே கறுக்கிறது என்றால் துளை நீங்கள் நினைத்த அளவில் இல்லை, ‘படம் மங்கல்’ என்ற தலைப்புக்குப் போய்த் துளையை அளந்து பாருங்கள்.

### விளிம்பும் சேர்ந்து கறுப்பு அல்லது சாம்பல்

நேரத்தைத் தொடாதீர்கள். இது கசிவு.

முதல் சந்தேகம் சிவப்பு ஜன்னல்தான். ஒரு புதுத் தாளைப் பெட்டிக்குள் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்து, 5 நிமிஷம் விட்டுவிட்டுக் கழுவுங்கள். நாணயம் இருந்த இடம் வெள்ளை வட்டமாகத் தெரிந்தால் ஜன்னல் ஆகாது. சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு மடிப்பு போதவே போதாது. நாலைந்து மடிப்பு, அல்லது நல்ல அடர் சிவப்பு அக்ரிலிக் துண்டு. மஞ்சளும் ஆரஞ்சும் பழைய காலத் தாளுக்குச் சரி, இன்றைய மல்டிகிரேட் தாள் பச்சை வெளிச்சத்தையும் பிடிக்கும், அதற்குச் சிவப்புதான் பத்திரம். எவ்வளவு நல்ல ஜன்னலாக இருந்தாலும் உச்சி வெயிலில் அதன் மேல் ஒரு கறுப்பு மூடி வேண்டும். எக்ஸ்போஷர் நடக்கும்போது மூடி, கழுவும்போது மட்டும் திறந்து, அதையும் உங்கள் தலை நிழலில் பார்க்க வேண்டும்.

ஜன்னல் சரி என்றால் தாள். சந்தேகப்படும் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை டெவலப்பரில் காட்டாமல் நேராக ஃபிக்ஸரில் போடுங்கள், இன்னொன்றைத் துண்டு ஆ மாதிரி டெவலப்பர் வழியாகப் போடுங்கள். இரண்டையும் முழு இருட்டு அறையில் செய்வது நல்லது. முதலாவது வெள்ளை, இரண்டாவது சாம்பல் என்றால் தாள் வயதாகிவிட்டது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்து ‘இந்து’ தாள் பாக்கெட்டுகள் மூடிய ஸ்டூடியோ அலமாரிகளில் கிடைத்தால் ஆசையாக வாங்கி வருவோம், அவற்றில் சாம்பல் படராமல் இருந்தால் அதிசயம். தூக்கிப் போட வேண்டாம். பொட்டாசியம் புரோமைடு 10 சதவீதக் கரைசலாகச் செய்து, ஒரு லிட்டர் டெவலப்பருக்கு 10 மில்லியில் ஆரம்பித்துச் சேர்த்துப் பாருங்கள், சாம்பல் ஓரளவு அடங்கும். தாள் கொஞ்சம் மந்தமாகும், நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். கடைக்காரர் ‘உள்ளே இருக்கா பார்ப்போம்’ என்று வெளிச்சத்தில் பிரித்துக் காட்டிய பாக்கெட்டுக்கு மட்டும் மருந்து கிடையாது.

கடைசியாகச் சூடு. டெவலப்பர் 20 டிகிரிக்கு என்று எழுதப்பட்ட பொருள், மே மாதம் பெட்டிக்குள் 35 தாண்டும். படம் சட்டென்று வந்து, வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மாசு படிந்த மாதிரி ஆகும். டிரேயை இன்னொரு பெரிய டிரேயில் வைத்து, இடையில் ஜிப் கவரில் ஐஸ் கட்டி போட்டு வையுங்கள். ஐஸை டெவலப்பருக்குள்ளேயே போட்டால் அது நீர்த்துப் போகும்.

## கோடு, கீற்று, ஒரு மூலையில் மட்டும் கறுப்பு

இந்தப் பெட்டியின் தலையாய நோய் இதுதான். சாதாரண ஊசித்துளை டப்பாவில் மூடி ஒன்றுதான் கசியும். இங்கே மூடி, ஜன்னல், ஸ்லீவ், தாள் பலகை நகரும் கம்பித் துவாரம் என்று வழிகள் அதிகம்.

பென்சில் அம்புக்குறி இப்போது உதவும். ஊசித்துளை படத்தைத் தலைகீழாகத்தான் தாளில் போடும், கசிவு வெளிச்சமோ துளை வழியாக வராததால் நேராக விழும். அதனால் படத்தை நிமிர்த்திப் பார்க்கும்போது அடியில் தெரியும் கறுப்புக் கீற்று பெட்டியின் மேல்பக்கத்தைச் சேர்ந்தது. இது தெரியாமல் பெட்டிக்கு அடியில் டேப்பை ஒட்டிக்கொண்டே போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அதை மேலே வைத்துப் பிடியுங்கள், கீற்று தொடும் ஓரத்துக்கு அருகில் உள்ள மூட்டில் தேடுங்கள்.

### கூர்மையான கோடு

விரிசல், ஆணித் துவாரம், பொருந்தாத மூடி. இரவில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடுங்கள். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிஷம் காத்திருந்து சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மேலேயிருந்து மட்டும் பார்த்தால் போதாது, மூட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டு போனால்தான் சில கசிவுகள் தெரியும். தெரிகிற இடத்தை சாக்பீஸால் குறித்துக்கொண்டு, பகலில் கறுப்பு இன்சுலேஷன் டேப் உள்ளேயும் வெளியேயும். மூடி பொருந்தவில்லை என்றால் டேப் தீர்வல்ல, திறக்கத் திறக்கப் பிய்ந்துவிடும். மூடியின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு ரீப்பர் வைத்து அடித்து, அது பெட்டிக்குள் ஒரு அங்குலம் இறங்கி உட்காரும்படி செய்ய வேண்டும். இது தச்சரிடம் போக வேண்டிய இடம். நீங்களாக ஃபெவிகால் போட்டு ஒட்டினால் ஈரம் பட்டு இரண்டாவது வாரமே விட்டுக்கொள்ளும், அவரிடம் நீர் தாங்கும் பிளைவுட்டில் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

### அகலமான, விளிம்பு கரைந்த கறுப்பு

ஸ்லீவ். கை உள்ளே இருக்கும்போது அடைத்துக்கொண்டிருக்கும், தாளை வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்த பிறகு அது ஒரு திறந்த சுரங்கம். எக்ஸ்போஷர் நேரம் முழுக்க அப்படியே தொங்கவிட்டு வெயிலில் நிற்கிறோம். கையை எடுத்ததும் ஸ்லீவை இரண்டு முறுக்கு முறுக்கி, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டுங்கள். பெரும்பாலான கறுப்புத் திட்டுகள் இந்த ஒரு கிளிப்போடு நின்றுவிடும்.

அப்புறமும் வந்தால் துணி. கறுப்பாக இருப்பதெல்லாம் இருட்டு அல்ல. துணியை டார்ச் மேல் இழுத்துப் பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் உள்ளே இன்னொரு மடிப்பு வேண்டும். தையல் ஓட்டைகளையும் பாருங்கள், மெஷின் ஊசி போட்ட வரிசை அப்படியே தாளில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தையற்காரரிடம் இரண்டு மடிப்பாக, இரண்டு தையலும் ஒரே இடத்தில் வராதபடி, மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்துத் தரச் சொன்னால் வேலை முடிந்தது.

### படத்தின் மேலேயே வட்டமாக, நீள்வட்டமாக ஒரு மங்கல் திட்டு

விளிம்பு பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும், ஆனால் படத்துக்குள் பேய் மாதிரி ஒரு திட்டு. இது கசிவு அல்ல, பிரதிபலிப்பு. துளை வழியாக வந்த வெளிச்சம் வெள்ளை டிரே மேலும், டெவலப்பர் திரவத்தின் பளபளப்பு மேலும் பட்டுத் தாளுக்குத் திரும்புகிறது. பெட்டியைச் சூரியனுக்கு எதிராகத் திருப்பிய நாளில்தான் இது வரும், அதனால் ஒருநாள் வரும் ஒருநாள் வராது, ஆளைக் குழப்பும். டிரேக்களை மூட ஒரு கறுப்பு அட்டை, எக்ஸ்போஷர் முடிந்ததும் நகர்த்திவிடலாம். பெட்டியின் உள்பக்கம் மேட் கறுப்பு பெயின்ட், பளபளக்கும் எனாமல் கூடாது.

## படம் மங்கல்

ஊசித்துளையில் ஃபோகஸ் என்ற பேச்சே கிடையாது, அதனால் தாளை முன்னே பின்னே நகர்த்திப் பார்ப்பது வீண்வேலை.

### எல்லாமே ஒரு திசையில் இழுத்த மாதிரி இருந்தால்

அசைவு. துளையை மூடிய டேப்பைப் பிய்க்கும்போதே பெட்டி ஆடிவிடுகிறது. துளைக்கு முன்னால் ஓர் அட்டையைப் பெட்டியைத் தொடாமல் பிடித்துக்கொண்டு டேப்பை எடுங்கள், ஆட்டம் நிற்கட்டும், பிறகு அட்டையை விலக்குங்கள். முடிக்கும்போதும் முதலில் அட்டை, அப்புறம் டேப். ஸ்டாண்டில் வைத்திருந்தால் கால்களுக்கு நடுவே ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

### எல்லாப் பக்கமும் ஒரே அளவு மங்கல்

துளை. வீட்டிலோ கடையிலோ ஸ்கேனர் இருந்தால் தகட்டை அதில் வைத்து 1200 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யுங்கள். 0.45 மி.மீ. துளை சுமார் 21 பிக்சல் அகலம் வரும். 30, 35 என்று வந்தால் துளை பெரிது. வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் வால் நீட்டியிருந்தாலோ, ஓரத்தில் தகட்டுப் பிசிறு தெரிந்தாலோ வேறு செய்ய வேண்டியதுதான். ரொம்பச் சின்னத் துளையும் மங்கலைத்தான் தரும், அதனால் ‘இன்னும் சின்னதாகப் போட்டால் இன்னும் கூர்மை’ என்ற எண்ணம் வேண்டாம்.

செய்முறை சுருக்கமாக: குளிர்பான டின்னை வெட்டி எடுத்த தகடு, அடியில் தடித்த அட்டை, 10-ஆம் நம்பர் தையல் ஊசியின் முனையால் லேசாக ஒரு குழி விழும் அளவுக்கு மட்டும் அழுத்தம். மறுபக்கம் புடைத்ததை நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். மறுபடி ஊசி, மறுபடி தேய்ப்பு. ஊசி முழுத் தடிமனும் போய் வரும்வரை இப்படியே, சுற்றிச் சுற்றித் திருப்பி. அவசரப்பட்டு ஒரே குத்தில் போட்ட துளையில் பிசிறு நிச்சயம். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஒரு சாயங்காலத்தில் ஏழெட்டுத் துளை போட்டு அதில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம். கை நடுக்கம் உள்ளவர்கள் மட்டும் லேசரில் போட்ட துளைத் தகட்டை வாங்கிக்கொள்ளலாம், செலவு கூடுதல், படம் பிரமாதமாக மாறிவிடாது.

### நடுவில் நல்ல படம், மூலைகளில் ஒன்றுமில்லை

தகடு ஒட்டிய இடத்தில் பெட்டியின் பலகை தடிமனாக இருந்து குழாய் மாதிரி மறைக்கிறது. பலகையில் போட்ட ஓட்டையை உள்பக்கமாகப் புனல் போல அகலமாக்கச் சொல்லுங்கள்.

### கூர்மையாக இருக்கிறது, ஆனால் சுவர் வளைந்து தெரிகிறது

தாள் சுருண்டு நின்றிருக்கிறது. நாலு மூலையிலும் செருகு அட்டை வையுங்கள்.

## வானம் வெறும் வெள்ளை, மரமும் முகமும் கரி

நெகட்டிவைப் பாசிட்டிவாக்கிப் பார்க்கும்போது தெரியும் கோளாறு இது. தாள் நீலத்துக்கு உருகும், சிவப்பைக் கண்டுகொள்ளாது. நம் வானம் நீலம், நம் தோல் பழுப்பு. அதனால் நம் ஊர் ஆட்களை இதில் எடுத்தால் நேரில் இருப்பதைவிடக் கறுப்பாகவே வருவார்கள். வெள்ளைக்காரர்களின் முகத்துக்கு எழுதிய நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் கண், மூக்கு எதுவும் தெரியாமல் போகும். எதிரே உட்கார்ந்து ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தவருக்கு நாம் தருவது அந்தப் படமா என்று எனக்கு மனசு கேட்காது. அதனால் முகம் எடுக்கும்போது முகத்துக்குத்தான் நேரம், வானம் போனால் போகட்டும்.

சுலபமான வழிகள் முதலில்: உச்சி வெயிலை விடுங்கள், மேகமூட்டம் அல்லது திண்ணை நிழல். உட்காருபவருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை வேண்டாம். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை யாராவது விரித்துப் பிடித்தால் நிழல் பக்கம் எழும்பும்.

அடுத்து, துளைக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடித்தாள். மல்டிகிரேட் தாளில் மஞ்சள் வெளிச்சம் கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை, குறைக்கும். நேரம் குறைந்தது இரண்டு மடங்காகும். எல்லாரும் இதைக் கடைசியில் முயல்கிறார்கள், என்னைக் கேட்டால் வாங்கிய முதல் நாளே ஒட்டிவிடலாம்.

அதிலும் அடங்கவில்லை என்றால் முன்வெளிச்சம். துளை மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டி, துண்டுத் தாள்களில் 5, 10, 15, 20 விநாடி என்று கொடுத்துக் கழுவுங்கள். எதில் முதன்முதலாகச் சாம்பல் தெரிகிறதோ அதற்கு முந்தைய நேரம்தான் உங்களுடையது. இனி ஒவ்வொரு தாளுக்கும் அந்த நேரம் டிரேசிங் பேப்பரோடு, அப்புறம் அதை எடுத்துவிட்டு வழக்கமான எக்ஸ்போஷர். நிழல் பகுதி திறந்துகொள்ளும். நேரடியாகப் பாசிட்டிவ் தரும் ஹார்மன் டைரக்ட் பாசிட்டிவ் தாளை வாங்கியவர்களுக்கு இது அநேகமாகக் கட்டாயம், அந்தத் தாள் அவ்வளவு முரடு. அதில் கடைப் பலகை எழுத்தெல்லாம் இடவலம் மாறித்தான் வரும், அது கோளாறு அல்ல.

## திட்டு, கறை, விரல் ரேகை

வெள்ளை விரல் ரேகை: ஃபிக்ஸர் பட்ட கையால் புதுத் தாளைத் தொட்டிருக்கிறீர்கள். கறுப்பு ரேகை: டெவலப்பர் கை. ஸ்லீவுக்குள்ளேயே ஓர் ஈரத்துணி, ஓர் உலர்ந்த துணி. புதுத் தாள் இருக்கும் டப்பாவை ஒரே கையால் மட்டும் தொடுவது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள், அந்தக் கை டிரேக்குள் போகக்கூடாது.

மேகம் மேகமாக ஏற்றத்தாழ்வு: தாள் ஒரே நேரத்தில் முழுகவில்லை. அரை அங்குல ஆழமாவது டெவலப்பர் வேண்டும், தாளைச் சரித்து ஒரே இழுப்பில் உள்ளே விட்டு டிரேயை ஆட்டிக்கொண்டே இருங்கள். சூட்டில் 15 விநாடியில் படம் வந்துவிடுகிறது என்றால் டெவலப்பரைக் கூடுதல் தண்ணீரில் கலந்து மெதுவாக்குங்கள், வேகமாக வருவது சமமாக வராது.

ஃபிக்ஸர் பால் மாதிரி கலங்கி, கந்தக வாடை: வெறும் ஹைப்போ படிகத்தைக் கரைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு வரும். வினிகர் சொட்டச் சொட்டத் தாளை அதில் போட்டதால் ஹைப்போ உடைந்து கந்தகம் பிரிகிறது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள், லிட்டருக்கு 250 கிராம். நடு டிரேயில் வினிகருக்குப் பதில் வெறும் தண்ணீர், அடிக்கடி மாற்ற வேண்டும். கடையில் வரும் ரேபிட் ஃபிக்ஸருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதற்கு வினிகரே நல்லது, 4 சதவீத வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு.

காய்ந்ததும் வெள்ளைப் பூப்பு: உப்புத் தண்ணீர். கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணீரில்.

சில மாதத்தில் மஞ்சள், பழுப்பு: ஃபிக்ஸர் போதவில்லை, அல்லது அலசல் போதவில்லை. பெட்டிக்குள் இருக்கும் நேரம் படம் தெரிவதற்கு மட்டும் போதும், தங்குவதற்குப் போதாது. வீட்டுக்கு வந்ததும் எல்லாப் படத்தையும் புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டு (ரேபிட் என்றால் ஒரு நிமிஷம், வெறும் ஹைப்போ என்றால் 5 நிமிஷம்), ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். யாருக்காவது படத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதாக இருந்தால் இதைச் செய்யாமல் அனுப்பாதீர்கள். ஃபிக்ஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பழைய ஃபிலிம் ரோலின் நுனியை வெட்டிப் போடுங்கள். புதிய ஃபிக்ஸரில் அது தெளிய எடுத்த நேரத்தைவிட இரண்டு மடங்கு ஆனால் மாற்றிவிடுங்கள்.

## நெகட்டிவ் நன்றாக இருக்கிறது, பாசிட்டிவ் சரியில்லை

லென்ஸ் வைத்த மினிட் கேமராவில் நெகட்டிவை முன்னால் ஒரு பலகையில் மாட்டி அதையே மறுபடி படம் எடுப்பார்கள். ஊசித்துளையில் அதற்கு ஆகும் நேரம் பொறுமையைச் சோதிக்கும், அதனால் காண்டாக்ட் ப்ரிண்ட்தான் சரி: புதுத் தாள், அதன் மேல் முகத்தோடு முகமாக நெகட்டிவ், மேலே கண்ணாடி, பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து செல்போன் டார்ச்சை ஒரு மீட்டர் தள்ளி 2, 4, 8 விநாடி என்று காட்டிப் பார்ப்பது.

மங்கலாக வந்தால் கண்ணாடி கனம் போதவில்லை, அல்லது நெகட்டிவ் பின்பக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்து இடவலம் மாறியிருந்தால் பின்னதுதான். படத்தின் குறுக்கே கம்பெனிப் பெயர் மங்கலாகத் தெரிந்தால் அது தாளின் பின்பக்க அச்சு, சில தாள்களில் உண்டு, பின்பக்கம் வெறுமையான தாளை வாங்குவது தவிர வேறு வழியில்லை. புள்ளி புள்ளியாக இருந்தால் நெகட்டிவ் காயவில்லை. பாசிட்டிவ் சப்பென்று இருந்தால் நெகட்டிவே சப்பை, முன்வெளிச்சத்தையும் மஞ்சளையும் கொஞ்சம் குறைத்து மறுபடி எடுங்கள்.

## கை அரிக்கிறது

இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பல டெவலப்பர்களில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை ஆரம்பித்தால் அடுத்தடுத்த முறை கூடத்தான் செய்யும். நைட்ரைல் கையுறை முதல் நாளிலிருந்தே. ஸ்லீவுக்குள் கையுறையோடு வேலை செய்வது கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கும், பழகிவிடும். விரல் இடுக்கில் சிவந்து கொப்புளம் வந்தால் டெவலப்பரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள், பயன்படுத்திய டெவலப்பர் பாட்டிலின் லேபிளையும் படம் எடுத்துக்கொண்டு போனால் அவருக்குச் சுலபம்.

தீர்ந்துபோன ஃபிக்ஸரை வாஷ்பேசினிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள், அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில், வெளியே பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் சேர்த்து வையுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் ஹைப்போவும் வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், ஃபிலிமில் எக்ஸ்ரே எடுக்கும் சென்டர் ஏதாவது இன்னும் இருந்தால் அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.